பேட்மேனும் டேர்டெவிலும் சந்திக்க ஒரு காரணம் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். அக்கா மகனின் பிறந்தநாளுக்கு எட்டுப் பக்க காமிக்ஸ் ஒன்று வரைந்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் பேட்மேனும் போட்டி நிறுவனமான மார்வெலின் டேர்டெவிலும் சேர்ந்து வர வேண்டும் என்பது அவன் கட்டளை. மூன்றாம் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சண்டைக் காட்சி தயார். பேட்மேன் புகைக்குண்டை வீசி மறைகிறார். டேர்டெவிலுக்குத்தான் பார்வையே கிடையாதே, புகை என்ன செய்யும்? இதயத் துடிப்பைக் கேட்டு நேராக அவர் பக்கம் திரும்புகிறார். இந்த ஒரு கட்டத்தை நான்கு முறை அழித்து வரைந்தேன்.

சிக்கல் இதுதான்: இருவரும் வெவ்வேறு நிறுவனங்களின் கதை உலகத்தவர்; பேட்மேன் ஊர் காத்தம் என்ற கற்பனை நகரம், டேர்டெவில் ஊர் நியூயார்க். 1976இல் டிசியின் சூப்பர்மேனும் மார்வெலின் ஸ்பைடர்மேனும் மோதிய இதழில் இருவரும் ஒரே உலகத்தவர் என்றே வைத்துக்கொண்டார்கள். 2003இல் டிசியின் நாயகர் குழுவான ஜஸ்டிஸ் லீகும் மார்வெலின் குழுவான அவெஞ்சர்ஸும் சந்தித்தபோது உலகம் விட்டு உலகம் தாவ வேண்டியிருந்தது. எட்டுப் பக்கத்துக்கு முதல் வழிதான் தோது. ஆனால் பயல் கேள்வி கேட்டே துளைத்துவிடுவான். என்ன செய்யலாம்?

வில்லனும் வேண்டும். பேட்மேனின் எதிரி டூஃபேஸ் முன்னாள் வக்கீல், டேர்டெவிலும் வக்கீல்; அபாரமான யோசனை என்று பூரித்துப்போனேன். ஆனால் 1997இல் பேட்மேனும் டேர்டெவிலும் சந்தித்த இதழிலேயே அவனைக் கொண்டுவந்துவிட்டார்கள்! மார்வெல் பக்கம் டேர்டெவிலின் எதிரியான கிங்பின் இருக்கட்டும். அவருக்குக் கூட்டாளியாக பேட்மேனின் எதிரிகளில் யார், பென்குயினா, ரிட்லரா? காரணத்தோடு ஒரு வரி எழுதினால் போதும். ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள், வண்ணம் தீட்டும் வேலை வேறு அப்படியே கிடக்கிறது.