எல்சிடி ரைட்டிங் பேட்: புது பேட்டரி போட்டும் அழியவில்லை, எங்கே பார்ப்பது?

வைகைக்கரை

வணக்கம். டியூஷன் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்க வைத்திருக்கும் எல்சிடி ரைட்டிங் பேடுகளில் இரண்டு மக்கர் பண்ணுகின்றன.

முதலாவது பத்து இன்ச், ஒற்றை நிறம். எழுத்து பளிச்சென்று விழுகிறது. அழிக்கும் பட்டனை அழுத்தினால் எதுவுமே நடப்பதில்லை. மூடிக்குள் சிஆர்2025 என்று போட்டிருக்கிறது, அதே எண்ணில் புதிதும் போட்டாயிற்று. மல்டிமீட்டரில் அந்த பேட்டரி 3.2 வோல்ட் காட்டுகிறது. பின்பக்க லாக் சுவிட்சும் திறந்துதான் இருக்கிறது.

இரண்டாவது எட்டரை இன்ச், பல நிறம், சிஆர்2016 பேட்டரி. அழிகிறது, ஆனால் பழைய எழுத்து நிழல் மாதிரி நிற்கிறது. இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் போகிறது. வலது கீழ் மூலையில் ஒரு கோடு மட்டும் என்ன செய்தாலும் போவதில்லை.

சரிசெய்யலாமா, தூக்கிப் போட வேண்டியதுதானா?

சாலிடர்மணி

எழுத்து நன்றாக விழுவதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள் சார். எழுதுவதற்கு இந்தப் பேடில் மின்சாரமே வேண்டாம். மின்கடத்திப் பூச்சு பூசிய இரண்டு பிளாஸ்டிக் ஃபிலிமுக்கு நடுவே திரவப்படிகம் இருக்கிறது. அழுத்தம் பட்ட இடத்தில் அது நிலை மாறி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அதுதான் எழுத்து. பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்தாலும் எழுத்து அப்படியே இருக்கும். மின்சாரம் தேவைப்படுவது அழிக்க மட்டும்தான். உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட் 3 வோல்ட்டைப் பல மடங்கு ஏற்றி ஒரு துடிப்பு கொடுக்கிறது, படிகம் பழையபடி கருமைக்குத் திரும்புகிறது.

நல்ல நிலையில் உள்ள பேடில் அழிக்கும்போது திரை முழுக்க ஒரு கணம் பளிச்சிட்டு அடங்கும். உங்களுடையதில் அதுகூட இல்லை என்றால் சர்க்யூட்டுக்கு மின்சாரமே போகவில்லை என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேசையில் வைத்து அளந்த 3.2 போதாது. பேட்டரியை அதன் இடத்தில் பொருத்திவிட்டு, அதைத் தொடாமல், பிளஸ் தகடு ஒன்றிலும் மைனஸ் தகடு ஒன்றிலும் மீட்டர் முனையை வைத்து அளவெடுங்கள். பட்டனை அழுத்தியபடியும் ஒருமுறை பாருங்கள். லாக் சுவிட்சை இப்படியும் அப்படியும் பத்துப் பதினைந்து முறை தள்ளிவிடுங்கள். நாளானால் உள்ளே கருத்துப்போய், திறந்திருந்தாலும் தொடாது.

இன்னொன்று: பேட்டரி பாக்கெட்டில் ‘கசப்புப் பூச்சு’ என்று ஏதாவது போட்டிருந்ததா?

வைகைக்கரை

பார்த்தேன் சார். தகடுகளில் 0.6 காட்டுகிறது, அதுவும் நிலையாக இல்லை, தாவுகிறது. பாக்கெட்டில் பிள்ளைகள் விழுங்காமல் இருக்கக் கசப்பு பூசியது என்று எழுதியிருக்கிறது.

சாலிடர்மணி

அப்போது சர்க்யூட்டை விட்டுவிடுங்கள், கோளாறு தொடுமிடத்தில்தான். அந்தப் பூச்சு பெரும்பாலும் மைனஸ் பக்கம் இருக்கும். தகடு சரியாக அதன் மேல் வந்து உட்கார்ந்தால் மின்சாரம் தடைபடும்.

பேட்டரியைத் திருப்பிப் பாருங்கள், தகடு உரசிய தடம் மெல்லியதாகத் தெரியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அந்த இடத்தை மட்டும் அழுத்தித் துடையுங்கள். முழுவதும் துடைக்க வேண்டாம். பிள்ளைகள் புழங்கும் இடம், கசப்பு இருப்பது நல்லதுதான். அடுத்து மைனஸ் தகடு. பேட்டரி மாற்றி மாற்றி அது படிந்துபோயிருக்கும். பல்குச்சியால் நுனியை 1 மில்லிமீட்டர் தூக்கிவிட்டால் போதும். ஊசி, கத்தி வேண்டாம், தகடு ஒடிந்தால் பிறகு சாலிடர் வைக்க வேண்டிவரும்.

எண்ணை மாற்றிப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. 2025 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன். 2016 என்றால் தடிமன் 1.6. 2016, 2025, 2032 மூன்றுமே 3 வோல்ட்தான் என்று கடையில் எதையாவது கொடுப்பார்கள். 2025 இடத்தில் 2016 போட்டால் 0.9 மில்லிமீட்டர் இடைவெளி, ஆடிக்கொண்டே கிடக்கும். 3.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள 2032 வேண்டிய இடத்தில் இரண்டு 2016-ஐ அடுக்கவே கூடாது. தடிமன் கச்சிதமாக வரும், ஆனால் 6 வோல்ட் போய் சர்க்யூட் வெந்துவிடும்.

பளிங்குத்திரை

இரண்டாவது பேடுக்கு நான் சொல்கிறேன். அதில் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு, சேர்த்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

திரை முழுக்க நிழல் நிற்பது பேட்டரி தளர்ந்ததன் அடையாளம். அழிக்கும் அந்த ஒரு கணத்தில் மொத்தத் திரைக்கும் ஒரே நேரத்தில் மின்னேற்றம் போக வேண்டும். பழைய பேட்டரிக்கு உள்தடை, அதாவது தனக்குள்ளேயே மின்சாரத்தைத் தடுப்பது, ஏறிவிடுவதால், சும்மா அளந்தால் 3 வோல்ட் காட்டும், வேலை கொடுத்தால் படுத்துவிடும். 470 ஓம் ரெசிஸ்டரைப் பேட்டரியின் இரு பக்கமும் தொடவைத்து, ஐந்து விநாடி கழித்து அளந்து பாருங்கள். 2.7-க்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டியதுதான்.

மூலையில் நிற்கும் கோடு பேட்டரியால் வந்ததல்ல. பால்பாயின்ட் பேனாவோ காம்பஸ் முனையோ பட்டிருக்கும். அந்த இடத்தில் ஃபிலிம் பள்ளம் விழுந்து, இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளி மாறிவிட்டிருக்கும். பேடை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தால் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். புது பேட்டரி போட்டதும் அந்த இடத்தைச் சுற்றி எழுத்தாணியால் அடர்த்தியாகக் கிறுக்கி உடனே அழித்துப் பாருங்கள், லேசான தடம் என்றால் சில சமயம் போய்விடும். போகாவிட்டால் அப்படியே விடுங்கள். ஃபிலிமின் ஓரத்தைப் பிரித்தால் உள்ளே உள்ளது வெளியே வந்து முழுப் பேடும் வீணாகிவிடும்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த பேடில் எழுத்து விழாமல் போவதும் உண்டு. சூடு ஏறினால் படிகம் ஒழுங்கு குலைந்துவிடும். நிழலில் ஆறவிட்டால் பெரும்பாலும் தானாகச் சரியாகும், அதுவரை பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம்.

ரஃப்நோட்டு

இடையில் ஒரு சந்தேகம். எங்கள் பேடில் பேட்டரி ஒரு மாதம்கூட வருவதில்லை. இது இயல்பா?

பளிங்குத்திரை

இல்லை. 2010-இல் கென்ட் டிஸ்ப்ளேஸ் நிறுவனம் கொண்டுவந்த ‘பூகி போர்டு’ என்ற எல்சிடி ரைட்டிங் பேடின் முதல் மாடலில் பேட்டரியை மாற்றவே வழி கிடையாது. ஒரே பேட்டரியில் 50,000 முறை அழிக்கலாம் என்றுதான் விற்றார்கள். மலிவு பேடில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது, ஆனாலும் ஒரு மாதம் என்பது தவறு. அழிக்கும் பட்டன் சட்டத்தில் சிக்கி அமுங்கியே இருக்கிறதா என்று பாருங்கள். பையில் வைக்கும்போது லாக் போடுங்கள். இல்லாவிட்டால் புத்தகம் அழுத்தி அழுத்தி வழியெல்லாம் அழிந்துகொண்டே வரும்.

ரஃப்நோட்டு

நன்றி. எழுதியதைச் சேமிக்க வழி?

பளிங்குத்திரை

இந்த வகையில் கிடையாது, போனில் படம் எடுப்பதுதான். திரை பளபளப்பானது, ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைத் திட்டு விழும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி வைத்து, போனைச் சற்றுச் சாய்த்து எடுங்கள். வழிக்கணக்கு, வாய்ப்பாடு, எழுத்துப் பழக்கம் இதற்கெல்லாம் காகிதக் கட்டையே மிச்சப்படுத்தும் பொருள் இது. திருப்பிப் படிக்க வேண்டிய குறிப்புகளை நோட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். சில பேடுகளைத் தவிர, ஒரு எழுத்தை மட்டும் அழிக்க முடியாது, அழித்தால் மொத்தமும் போகும்.

வைகைக்கரை

பேட் 1 சரியாகிவிட்டது! துடைத்ததும் தகடுகளில் 3.2 நிலையாக நின்றது. தகட்டையும் தூக்கிவிட்டேன், தட்டினாலும் ஆட்டினாலும் அழிகிறது. பேட் 2-இல் புது 2016 போட்டதும் நிழல் போயிற்று, மூலைக்கோடு மட்டும் நிற்கிறது. அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் மூடித் திருகு வழுக்கி, இறுக மாட்டேன் என்கிறது. செல்லோ டேப் ஒட்டினால் போதுமா?

சாலிடர்மணி

போதாது சார். இதில் மட்டும் சமாதானம் ஆகாதீர்கள். இந்தப் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்திலேயே உள்ளே வெந்து புண்ணாகும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓட வேண்டும்.

திருகுத் துளை தேய்ந்திருந்தால் ஒரு சுற்று பருத்த, அதே நீளத் திருகு போடுங்கள். பழைய மூக்குக்கண்ணாடி, ரிமோட் பொம்மைத் திருகுகளில் பொருந்துவது கிடைக்கும். நீளம் கூடினால் முனை ஃபிலிமைக் குத்திவிடும், அளந்து போடுங்கள். அதுவும் நிற்காவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்தப் பேடை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பேட்டரிகளின் இரு பக்கமும் டேப் ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத டப்பாவில் போட்டு, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள். தீர்ந்துபோன பேட்டரியும் விழுங்கினால் புண்ணாக்கும்.