காட்டுத்தீக்குப் பிறகு நிவாரணப் பணம்: டெக்சஸ் மாட்டுப் பண்ணைகளில் எங்கே கைநழுவுகிறது

2024 பிப்ரவரி 26 அன்று டெக்சஸின் வடகோடியான பேன்ஹேண்டில் பகுதியில் பிடித்த ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. ஹெம்ப்ஹில் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) போன்ற இடங்களில் மாடு ஈனும் பருவம் அது. இப்படிப்பட்ட தீயில் நிவாரணம் கிடைக்குமா கிடைக்காதா என்பது முதல் ஒரு வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. நாற்றம் தாங்காமல் செத்த மாடுகளை உடனே குழிவெட்டிப் புதைத்துவிடுவார்கள். பிறகு எத்தனை செத்தது என்று காட்ட ஒன்றும் இருக்காது.

அமெரிக்க வேளாண் துறையின் எல்ஐபி என்னும் கால்நடை இழப்பீட்டுத் திட்டம், சராசரி சந்தை விலையில் 75 சதவீதம் தரும். வழக்கமாகவே சாகும் அளவு என மாநிலவாரியாக வைத்திருக்கும் சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு. அதனால் செத்தது எத்தனை என்பதோடு, தீக்கு முந்தைய நாள் எத்தனை இருந்தது என்பதையும் காட்ட வேண்டும். தடுப்பூசிப் பதிவு, வாங்கிய ரசீது, வங்கிக் கடனுக்குக் கொடுத்த மாட்டுக் கணக்கு எல்லாம் உதவும். செத்த மாடுகளைப் படம் எடுக்கும்போது காது வில்லை எண் தெரிய ஒன்று, முழு உடல் தெரிய ஒன்று, தேதியோடு எடுங்கள். கன்றுகளை எடைப்பிரிவுப்படி தனியாக எழுதுங்கள். பிரிவு மாறினால் தொகையும் மாறும். 2024 இழப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2025 மார்ச் 3 ஆக இருந்தது. பொதுவாக மறு ஆண்டு மார்ச் 1 என்று வைத்துக்கொள்ளலாம். அதுவரை காத்திருக்காதீர்கள்.

—

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அன்றே சாகாத மாடுகள்தான் பெரிய சிக்கல். காம்பு வெந்த பசு கன்றுக்குப் பால் கொடுக்க விடாது. குளம்பு சில நாள் கழித்துக் கழன்று வரும். தீ முடிந்து 60 நாளுக்குள் செத்தாலும் எல்ஐபியில் சேரும், ஆனால் தீக்காயத்தால்தான் செத்தது என்று கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காயப்பட்டதைக் குறைந்த விலைக்கு விற்றால், கிடைத்த பணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் நேரடியாக விற்காமல் ஏலச்சந்தை வழியாக விற்று, எடையும் விலையும் உள்ள சீட்டை வைத்திருங்கள்.

—

எரிந்த வேலிக்கு ஈசிபி என்னும் அவசரகால நிலப் பாதுகாப்புத் திட்டம். பொதுவாகச் செலவில் 75 சதவீதம் வரை. புதிதாகப் பண்ணை தொடங்கியவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் 90 வரை. இதில் விண்ணப்பித்து, அலுவலர் வந்து பார்த்து, ஒப்புதல் தரும் முன் வேலை தொடங்கினால் பணம் போய்விடலாம். மாடு சாலைக்கு வந்துவிடுமே என்று அவசரத்தில் புதுக் கம்பி இழுக்கிறவர்களின் தவிப்பு நியாயமானதுதான். அவர்கள் முதலில் இந்தத் திட்டங்களை நடத்தும் எஃப்எஸ்ஏ என்னும் பண்ணைச் சேவை அமைப்பின் கவுண்டி அலுவலகத்துக்குப் போன் செய்து, தற்காலிக மின்வேலி போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்டுவிடட்டும்.

தீயில் மாட்டிய முள்கம்பி பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கலாம். துத்தநாகப் பூச்சு போயிருந்தால் சீக்கிரம் துருப்பிடிக்கும். நிற்கிறதே என்று அந்த நீளத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். மூலைக் கம்பம், குறுக்குச் சட்டம் எல்லாவற்றையும் சேர்த்து அளந்து வரைபடத்தில் குறியுங்கள். முன்பு இருந்ததைவிட உயர்ந்த வேலி போட்டால் கூடுதல் செலவு உங்களுடையது. வேலி வேலைக்கு ஒப்புதல் கிடைத்த தொகையில் 25 சதவீதம் வரை முன்பணம் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

—

எரிந்த மேய்ச்சலுக்கு எந்தத் திட்டம் என்று குழம்பாதீர்கள். தனியார் நிலம் எரிந்தால் இலாப் என்னும் அவசர உதவித் திட்டம். எல்எஃப்பி என்னும் தீவன இழப்புத் திட்டம் வறட்சிக்கும், கூட்டரசு நிலத்தில் தீயால் மேய்ச்சல் தடைப்படுவதற்கும் உரியது. எரிந்துபோன வைக்கோல் உருளைகளும் இலாப்பில்தான். எத்தனை உருளை, என்ன எடை என்று காட்ட ஆதாரம் வைத்திருங்கள்.

குத்தகை நிலத்தில் மேய்ப்பவர்கள் எழுத்துக் குத்தகை வைத்திருங்கள். ஏக்கர் அறிக்கை, வருமானச் சான்றுப் படிவம் சிசிசி-941, நிலப் பாதுகாப்பு உறுதிமொழி ஏடி-1026 இவற்றில் ஒன்று கோப்பில் இல்லாவிட்டாலும், இழப்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பணம் தடைப்படலாம்.