கணக்கு வேலைக்கு மடிக்கணினி: அரைக் கிலோ எடைக்காக 23,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கோரிமேட்டுக் கணக்கர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் சேலம் கோரிமேட்டில் குடியிருந்துகொண்டு, ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கமுள்ள இரண்டு காப்பித் தோட்டங்களுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். வாரத்தில் நான்கு நாட்கள் காலைப் பேருந்தில் மலையேறி மாலையில் இறங்குகிறேன். விடுமுறைக் கூட்டம் சேர்ந்துவிட்டால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நின்றபடியே கடக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் தோளில் கிடக்கும் பை என்னை ஒரு பக்கமாக இழுத்துச் சாய்க்கிறது.

என்னிடம் இருப்பது ஏழு ஆண்டுப் பழைய 15.6 அங்குல மடிக்கணினி. அதன் இடது கீல் உடைந்து, மூடியைத் திறக்கும்போதெல்லாம் திரையின் கீழ் விளிம்பு கிளிஞ்சலைப் போல வாய் பிளக்கிறது. இரண்டு ரப்பர் வளையங்களை மாட்டித்தான் பையில் வைக்கிறேன். பேட்டரி முக்கால் மணி நேரம் நின்றால் அதிகம். மழைக் காலத்தில் மலையில் மின்சாரம் போனால், கூலிக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு மஸ்டர் ரோல் என்னும் ஆள் வருகைப் பதிவேட்டில் பேனாவால் எழுதி, இரவு வீட்டில் மீண்டும் ஏற்றுகிறேன்.

டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருள், எக்செல், ஜிஎஸ்டி இணையதளம் ஆகியவைதான் என் வேலை. நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிக்கும் பருவத்தில் ஆள்வாரியாகக் கிலோ கணக்கைத் தினமும் ஏற்ற வேண்டும். கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று 15.6 அங்குலம், 8 ஜிபி ரேம் (நினைவகம்), 1.75 கிலோ, விலை 41,000 ரூபாய். மற்றொன்று 14 அங்குலம், 16 ஜிபி ரேம், 1.25 கிலோ, விலை 64,000 ரூபாய். "அரைக் கிலோவுக்கு இருபத்து மூவாயிரமா சார்?" என்று கடைக்காரரே சிரிக்கிறார். அவர் சிரிப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. என் தோள்பட்டைக்குத்தான் அது படவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அஸ்தம்பட்டி பழுது பார்ப்பவர்

ஐயா, கடைக்காரர் சொன்ன இரண்டு எடைகளை மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்யாதீர்கள். நீங்கள் மலைக்குச் சுமப்பது மடிக்கணினியை அல்ல, பையை. தோட்டத்தில் காப்பி, மிளகு நிறுக்கும் தராசு இல்லாமல் இருக்காது. நாளை பையை அப்படியே அதில் வைத்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக நிறுத்து இங்கே எழுதுங்கள். எதில் பணம் போட வேண்டும் என்பது அதன் பிறகுதான் தெரியும்.

கீலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் கீலின் உலோகம் உடைவதில்லை. அதைப் பிடித்திருக்கும் திருகுகள் பிளாஸ்டிக்கில் பதித்த சிறு பித்தளைக் குமிழ்களில் இறங்கியிருக்கும். நாளடைவில் கீல் இறுகிப்போக, மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும்போது அந்தக் குமிழ்கள் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வந்துவிடுகின்றன. விலை குறைந்த, அகலமான மாதிரிகளில் இதை நான் அதிகம் பார்க்கிறேன். எதை வாங்கினாலும் மூடியை நடுவில் பிடித்துத் திறந்து பழகுங்கள்.

சுவர்ணபுரி வாசகர்

பயன்படுத்திய மேக்புக் ஏர் எம்1 ஒன்றைப் பாருங்களேன். 1.29 கிலோதான். விசிறியே கிடையாது, பேட்டரியும் நாள் முழுவதும் வரும்.

கோரிமேட்டுக் கணக்கர்

நன்றி, ஆனால் டேலி விண்டோஸுக்கான மென்பொருள். மேக்கில் அதை ஓட்டுவதற்குச் சுற்றுவழிகள் தேடும் பொறுமை எனக்கில்லை.

கோரிமேட்டுக் கணக்கர்

பழுது பார்க்கும் ஐயா சொன்னபடி இன்று நிறுத்தேன். மிளகு மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு மேஸ்திரி என் பையைத் தராசில் ஏற்ற, சுற்றி நின்றவர்கள் பறித்த கூடைக்குக் கிலோ சொல்வதுபோல் எனக்கும் உரக்கச் சொன்னார்கள். மொத்தம் 5.4 கிலோ. அதில் மடிக்கணினி 2.2, சார்ஜர் 0.4, வெறும் பை 0.9, தண்ணீர் நிரம்பிய எவர்சில்வர் பாட்டில் 1.1, சாப்பாட்டு அடுக்கு 0.8. ஏற்காட்டுக்கே தண்ணீர் சுமந்து போகிறீர்களா என்று மேஸ்திரி கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அஸ்தம்பட்டி பழுது பார்ப்பவர்

நான் எதிர்பார்த்ததும் இதுதான். தண்ணீரைத் தோட்டத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சார்ஜர் ஒன்றை வாங்கி அங்கேயே மேசை இழுப்பறையில் போட்டுவிடுங்கள். இவ்வளவு செய்தாலே, 41,000 ரூபாய் மடிக்கணினியோடு உங்கள் பை ஏறக்குறைய 3.45 கிலோவுக்கு வந்துவிடும். 64,000 ரூபாய் மடிக்கணினி என்றால் 2.95. ஆகவே எப்படியும் வாங்கும் மடிக்கணினியின் விலை போக, முதல் இரண்டு கிலோவை இறக்க ஆகும் செலவு ஒரு சார்ஜரின் விலை. அதற்கு மேல் இறங்கும் அரைக் கிலோவுக்குத்தான் 23,000 ரூபாய்.

ஒண்டிக்கடை ஆசிரியை

கணக்கு சரிதான் அண்ணா, ஆனால் எடை ஒன்றே எல்லாம் என்று நான் நினைக்கவில்லை. நானும் இதே பேருந்தில் மாலையில் இறங்குகிறவள். 15.6 அங்குலம் வைக்கும் பையை மடியில் வைத்தால் பக்கத்தில் இருப்பவரின் விலாவில் இடிக்கிறது. 14 அங்குலப் பை மடிக்குள் அடங்குகிறது. அந்த ஒன்றரை அங்குல அகலம் எந்தத் தராசிலும் ஏறாது.

அதைவிட முக்கியம் பேட்டரி. கணக்கர் ஐயாவின் உண்மையான இடைஞ்சல் மின்சாரம் போகும் நேரம்தான் என்று அவர் எழுதியதிலிருந்து எனக்குப் படுகிறது. விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் 42 வாட் அவர் (பேட்டரி கொள்ளளவின் அலகு) அளவு பேட்டரியே இருக்கும். டேலியும் எக்செலும் ஓடும்போது திரையோடு சேர்த்துச் சராசரியாக 8 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 42-ஐ 8-ஆல் வகுக்க ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகம். திரை வெளிச்சத்தைக் கூட்டி 12 வாட் இழுக்கவிட்டால் மூன்றரை மணி நேரம். 60 வாட் அவர் பேட்டரியில் இதே வேலை ஏழரை மணியும் ஐந்து மணியுமாக நீள்கிறது. கடைகளில் "எட்டு மணி நேரம் வரும்" என்பார்கள். அதைக் காதில் வாங்காமல், பெட்டியின் மீது எத்தனை வாட் அவர் என்று பாருங்கள். செயலியின் (பிராசசர்) பெயரில் எச் என்ற எழுத்து இருந்தால் தவிர்த்துவிடுங்கள். அவை பொதுவாக 45 வாட் வரிசை, விளையாட்டுக்கும் வீடியோ வேலைக்கும் உரியவை. கூலிக் கணக்குக்கு 15 வாட் அளவிலான யு வரிசை போதும், சூடும் குறைவு.

டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏற்குமா என்பதையும் கேளுங்கள். ஏற்கும் என்றால், மலையில் வைக்கப்போகும் இரண்டாவது சார்ஜருக்கு அந்த நிறுவனத்தினுடையதையே தேடி அலைய வேண்டியதில்லை.

ஓமலூர் ஆடிட்டர் அலுவலகம்

ஒன்றை அனைவரும் மறந்துவிட்டீர்கள். 14 அங்குல மடிக்கணினிகள் பலவற்றில் வலப்பக்க எண்பலகை கிடையாது. ஐயா, நீங்கள் நாளைக்கு எத்தனை பதிவுகள் ஏற்றுகிறீர்கள்?

கோரிமேட்டுக் கணக்கர்

பருவத்தில் நானூறுக்குக் குறையாது, சகோதரி. நல்லவேளை கேட்டீர்கள். என் வலக்கை எண்பலகையைப் பார்ப்பதே இல்லை. ஐந்தின் மீதுள்ள சிறு மேட்டைத் தடவியே போய்க்கொண்டிருக்கும். அது இல்லையென்றால் என் வேகம் பாதியாகிவிடும்.

ஓமலூர் ஆடிட்டர் அலுவலகம்

அப்படியானால் யுஎஸ்பியில் செருகும் தனி எண்பலகை ஒன்றை வாங்கி, அதையும் அந்த மேசை இழுப்பறையிலேயே வைத்துவிடுங்கள். சில நூறு ரூபாய்தான். எங்கள் அலுவலகத்தில் மூவர் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். இதற்காக மட்டும் 15.6 அங்குலத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

ஐந்து ரோட்டுக்காரர்

புதியதுதான் வேண்டுமா? பிறர் பயன்படுத்திய திங்க்பேட் டி480 மடிக்கணினி ஒன்றை நான் வைத்திருக்கிறேன். பின்புற பேட்டரியை, ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாற்றலாம், ரேமுக்கு இரண்டு இடங்கள் உண்டு, கீலும் உறுதி. புதியதில் பாதி விலைகூட ஆகவில்லை.

அஸ்தம்பட்டி பழுது பார்ப்பவர்

எனக்கும் பிடித்த மாதிரிதான். ஆனால் அது 2018-இல் வந்தது. அதிலுள்ள இன்டெல் 8-ஆம் தலைமுறைச் செயலி, விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் தலைமுறைகளில் மிகப் பழையது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், அதற்கும் முந்தைய தலைமுறையை யாரும் கணக்கு வேலைக்கு வாங்க வேண்டாம். பெரிய பேட்டரியை மாட்டினால் டி480 கிட்டத்தட்ட இரண்டு கிலோ. இன்று கிடைக்கும் மாற்றுப் பேட்டரிகளின் தரத்துக்கும் நான் உறுதி சொல்ல மாட்டேன். பிறர் கூலியைக் கணக்கிடும் கருவி உத்தரவாதத்தோடு இருப்பதே நல்லது.

என் யோசனை, கடைக்காரர் காட்டிய இரண்டையும் விட்டுவிடுங்கள். 14 அங்குலம், 1.4 கிலோ அளவில், உள்ளே ரேமுக்கு ஒரு காலி இடம் உள்ளதாகக் கேளுங்கள். அந்த 1.25 கிலோ மாதிரியில் ரேமைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். மெலிவுக்காகச் செய்வது அது, பின்னால் கூட்டவே முடியாது. காலி இடம் இருந்தால் இப்போது 8 ஜிபியோடு வாங்கி, தேவைப்படும்போது கூட்டிக்கொள்ளலாம். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கு வந்து சரிசெய்யும் சேவை இருந்தால் கோரிமேட்டு முகவரியையே கொடுங்கள்.

கோரிமேட்டுக் கணக்கர்

வாங்கிவிட்டேன். 14 அங்குலம், 1.41 கிலோ, 57 வாட் அவர் பேட்டரி, 8 ஜிபி ரேமும் ஒரு காலி இடமும், 49,500 ரூபாய். கடையில் மூடியை நடுவில் ஒற்றை விரலால் திறந்து பார்த்தேன், அடிப்பாகம் மேலெழவில்லை. எண்பலகையும் வாங்கியாயிற்று. இன்று காலை தராசில் பை 3.1 கிலோ. மேஸ்திரிக்குப் பொழுதுபோக்கு போய்விட்டது.

ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. சோதனைக்காக என் கைபேசியின் டைப்-சி சார்ஜரைச் செருகியபோது, மெதுவான சார்ஜர் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. கணினி ஓடும்போது சதவீதம் ஏறவே இல்லை. மூடி வைத்தபோது மட்டும் சிறிது ஏறியது. கோளாறா?

அஸ்தம்பட்டி பழுது பார்ப்பவர்

கோளாறு இல்லை. உங்கள் கைபேசி சார்ஜர் தரும் வாட் குறைவாக இருக்கும். கணினி ஓடும்போது அதையெல்லாம் அதுவே தின்றுவிடும், பேட்டரிக்கு மிச்சம் இருக்காது. மலையில் வைப்பதற்குப் பவர் டெலிவரி (டைப்-சி வழியாக அதிக மின்சாரம் தரும் முறை) உள்ள 65 வாட் சார்ஜர் வாங்குங்கள். கம்பியும் அந்த அளவைத் தாங்குவதாக இருக்கட்டும். சில கணினிகளில் இரண்டு டைப்-சி துளைகள் இருந்தும் ஒன்றுதான் சார்ஜ் ஏற்கும். துளையின் பக்கத்தில் பிளக் படக் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

கோரிமேட்டுக் கணக்கர்

பிளக் குறி இடப்பக்கத் துளையில் இருக்கிறது. சனிக்கிழமை அஸ்தம்பட்டி வருகிறேன் ஐயா, 65 வாட் ஒன்று எடுத்து வையுங்கள்.