மாற்றுப் பொருள் அனுப்பாமல் இருக்க என்ன செய்யலாம்?

வணக்கம். தனியாக இருக்கும் அம்மாவுக்கு நான்தான் ஆன்லைனில் மளிகை ஆர்டர் போடுகிறேன். அவருக்குச் சர்க்கரை நோய். போன வாரம் சர்க்கரை சேர்க்காத பிஸ்கட் இருப்பில் இல்லையென்று சாதாரண பிஸ்கட்டை அனுப்பிவிட்டார்கள். லேபிளில் இருக்கும் பொடி எழுத்து அம்மாவுக்குத் தெரியாது. பாதிப் பாக்கெட் காலியான பிறகுதான் வீடியோ காலில் பார்த்தேன். மனசே ஆறவில்லை.

மொத்த ஆர்டருக்கும் ‘மாற்று வேண்டாம்’ என்று போட்டால் பால், முட்டைகூட வராமல் போகிறது. அவை வேறு பிராண்டில் வந்தாலும் பரவாயில்லை. குறிப்பில் எழுதினால், பொருள் எடுத்து வைப்பவர்கள் படிக்கிறார்களா?

அப்புறம், கடையிலேயே போய் எடுத்துக்கொள்வதாகப் போட்டால், அங்கேயே பையைத் திறந்து பார்த்து வேண்டாததைத் திருப்பித் தரலாமா? பக்கத்து வீட்டு அண்ணன் போய்வரத் தயார். என் பெயரில் போட்ட ஆர்டரை அவரிடம் கொடுப்பார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.