ஹோபி படகுக்குப் பேட்டன் (எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழு)

நான்: எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரியில் நாங்கள் ஓட்டும் ஹோபி 16 என்ற பாய்மரப் படகின் பெரிய பாயில் இரண்டு பேட்டன் போய்விட்டன. ஒன்று நீளவாக்கில் பிளந்து, சிலாம்பு எழுந்து பாயின் பையையே அறுக்கிறது. படம் போட்டிருக்கிறேன். சித்தப்பா, ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் செய்ய வழி உண்டா?

குடியாத்தம் அத்தை: பேட்டன் என்றால் என்ன கண்ணு? மரமா?

நான்: பாயில் குறுக்கே வரிசையாகப் பை தைத்திருப்பார்கள் அத்தை, அதில் செருகுகிற பட்டை. கண்ணாடி நாரும் ரெசின் என்ற பிசினும் சேர்ந்தது. அகலம் கம்மி, ஆனால் பெரியது ஏழு அடிக்கு மேல் நீளம். அது இல்லாவிட்டால் பாய் கொடியில் காயும் வேட்டி மாதிரி படபடக்கும். இருந்தால் வளைந்து, உருவம் பிடித்து நிற்கும்.

ராணிப்பேட்டை சித்தப்பா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிளவு நேர்க்கோடாக ஓடுகிறது, அப்படியென்றால் நார் எல்லாம் ஒரே திசை. புல்ட்ரூஷன் சரக்கு, அதாவது நாரை ரெசினில் முக்கி, சூடான அச்சு வழியாக இழுத்து எடுப்பது. இங்கே ஆசிட் டேங்குக்குக் கண்ணாடி நார் விரிப்பை (மேட்) விரித்துக் கையால் ரெசின் பூசிப் போடுவார்கள், அதில் நார் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கும். அந்தத் தகட்டில் பட்டை வெட்டினால் அளவு சரியாக இருக்கும், விறைப்பு வராது. அப்படி ஒன்றைச் செய்து உன் கையில் கொடுக்க எனக்கு மனசு வராது.

அப்பா: அதே மாதிரி ஒரே திசை நார்ப் பட்டையாகக் கடையில் வாங்கினால் போதாதா? கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன?

ராணிப்பேட்டை சித்தப்பா: தடிமனில் முன்னே பின்னே கூடாது அண்ணா. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். பத்து சதவீதம் குறைந்தாலே விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும்.

நான்: அதோடு பேட்டன் நெடுக ஒரே தடிமன் இல்லை. பாய்மரப் பக்கம் மெலிந்து, போகப் போகத் தடிக்கும். அப்போதுதான் பாயின் வளைவு முன்பக்கமாக உட்காரும். சீரான பட்டை நட்ட நடுவில்தான் வளையும்.

ராணிப்பேட்டை சித்தப்பா: அப்படியானால் நல்ல பேட்டன் ஒன்றை அளந்தாக வேண்டும். வேறு படகில் அதே இடத்துப் பேட்டன் கிடைக்குமா?

நான்: நண்பர் படகில் இருக்கிறது, கேட்டுவிட்டேன். பேட்டனைத் தராசின் மேல் செங்குத்தாக நிறுத்தி, மேல் நுனியை உள்ளங்கையால் மெதுவாக அழுத்த வேண்டும். எண் ஏறிக்கொண்டே போகும். பட்டை வில்லாக வளைந்ததும் ஏறுவது நின்று ஓரிடத்தில் நிலைக்கும். அதுதான் அந்தப் பேட்டனின் விறைப்பு. மிக ஆழமாக வளைவது எந்த இடம் என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். நீளம் குறைந்தால் எண் கூடும், அதனால் வெட்டிய பிறகு மறுபடி நிறுக்க வேண்டும்.

குடியாத்தம் அத்தை: மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு என்னிடம் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போ.

சென்னை அக்கா: ஏன்டா இவ்வளவு பாடு? ஹோபி கம்பெனி பேட்டனையே வாங்கிவிடலாமே.

நான்: பந்தயத்துக்கு அதுதான் அக்கா, வேறு வழியில்லை. ஹோபி 16 ஒரே வடிவ வகுப்பு. எல்லார் படகும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஜெயிப்பது ஓட்டுகிற ஆளின் திறமையால்தான் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. எனக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும். வெளியே செய்ததைப் பயிற்சிக்கு மட்டும் போடலாம். சிக்கல் என்னவென்றால், வெளிநாட்டிலிருந்து வரும்போது எடைக்கு இல்லை, நீளத்துக்குத்தான் கூரியர் காசு. மேலே சுங்கம் வேறு.

சென்னை அக்கா: அப்போது இரண்டே பேட்டனுக்கு ஆர்டர் போடாதே. மற்ற படகுக்காரர்களையும் கேட்டு ஒரே பார்சலாக வரவழை, கூலி பங்காகும்.

காட்பாடி மாமா: பார்சல் அனுப்புகிறவரிடம் அட்டைப்பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிடு. நாலு அங்குல பிவிசி பைப், இரண்டு பக்கமும் மூடி. உள்ளே ஆடாமல் பழந்துணி திணிக்கச் சொல். லாரி ஷெட்டில் நீளமான அட்டைப்பெட்டி எத்தனை நடுவில் மடங்கி வந்து பார்த்திருக்கிறேன்!

ராணிப்பேட்டை சித்தப்பா: சரி, பயிற்சிப் பேட்டனுக்கு நான் பட்டை வாங்கித் தருகிறேன். கொஞ்சம் தடிமன் கூடுதலாகவே எடுப்போம். மெலிய வேண்டிய பக்கத்தைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் தேய்க்கலாம். கொஞ்சம் தேய், தராசில் வை, மறுபடி தேய். தேய்த்தது தேய்த்ததுதான், திரும்ப ஏற்ற முடியாது. முகமூடியும் கையுறையும் இல்லாமல் தொடாதே, கண்ணாடித் தூள் நெஞ்சுக்கு ஆகாது. ஓரத்தை உருட்டி, முனைக்குத் தொப்பி போட்டால் பையும் தப்பிக்கும்.

அப்பா: பழைய பேட்டன் ஏன் இப்படி ஆனது? அதையும் பார்க்க வேண்டாமா?

நான்: வெயிலில் ரெசின் போய், நார் வெளியே தெரிகிறது அப்பா. இனிமேல் கரையேறியதும் பேட்டன் முனையை இழுத்துக் கட்டிய கயிற்றைத் தளர்த்தி, பாயைச் சுருட்டி நிழலில்தான் வைக்கப் போகிறோம்.

ராணிப்பேட்டை சித்தப்பா: நல்லது. நீளம், அகலம், அப்புறம் முன், நடு, பின் மூன்று இடத்திலும் தடிமன் அனுப்பு. தடிமனை வெர்னியர் அளவுகோலில் எடு, டேப் வேண்டாம்.

நான்: நாளைக்கே எடுத்து இங்கே போடுகிறேன் சித்தப்பா.