புதுப்பிப்பு: பதிவு ஓடும்போதே ஹாலில் பார்ப்பது, இப்போது சரி

மாடியில் ட்யூனர் கார்டு (டிவி சிக்னலை வாங்கும் அட்டை) போட்ட கம்ப்யூட்டர் டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்கிறது, முடிந்த பதிவுகள் ஹால் மீடியா பிளேயரில் ஓடுகின்றன, ஆனால் பதிவாகிக்கொண்டிருப்பதைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன் இல்லையா, அது தீர்ந்தது. வைஃபை மேல் பழி இல்லை. டிஎல்என்ஏ (வீட்டு நெட்வொர்க்கில் சாதனங்கள் வீடியோவைப் பகிரும் முறை) வழியாகத் திறந்த நொடியில் ஃபைல் எவ்வளவு நீளமோ அதையே பிளேயர் முழு நீளம் என்று எடுத்துக்கொண்டது, அதற்குப் பிறகு மாடியில் வளர்ந்த பகுதி அதற்குத் தெரியவே இல்லை.

இப்போது கம்ப்யூட்டரில் டிவிஹெட்எண்ட் (டிவியைப் பதிவு செய்து வீட்டுக்குள் அனுப்பும் மென்பொருள்), ஹாலில் ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் கோடி (Kodi) என்ற பிளேயர் மென்பொருள். ஃபைலாகத் திறக்காமல் டிவிஹெட்எண்டின் சொந்தப் பேச்சு முறையான ஹெச்டிஎஸ்பி (HTSP) வழியாக, 9982 போர்ட்டில் கோடி அதனுடன் பேசுவதால், ஓடிக்கொண்டிருக்கும் பதிவையும் முதலிலிருந்து பார்க்கலாம், முன்னே பின்னே தள்ளியும் பார்க்கலாம். எனக்கு வேண்டியது இதுதான், ரொம்ப சந்தோஷம்.

செய்யப் போகிறவர்களுக்கு: டிவிஹெட்எண்டில் அந்தப் பயனருக்கு ஸ்ட்ரீமிங், ரெக்கார்டிங் இரண்டு அனுமதியும் கொடுங்கள். அப்புறம் கம்ப்யூட்டருக்கு ரூட்டரிலேயே நிலையான ஐபி (நெட்வொர்க் முகவரி) ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி, கோடி தேடிக்கொண்டே நிற்கும். எம்பெக்-2 என்ற பழைய வீடியோ முறையில் வரும் சேனல்களில் ஆள் நகரும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரித் தெரிந்தால் கோடியில் டீஇன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் வரிகளை முழுப் படமாக்குவது) அமைப்பைப் பாருங்கள்.