ஓடைத் தண்ணீர் குடித்த பிறகு தீராத வயிற்றுப்போக்கு: எந்தப் பரிசோதனை கேட்பது?

மலையேற்றத்தில் ஓர் ஓடைத் தண்ணீரில் குளோரின் மாத்திரை போட்டு, அரை மணி நேரம் வைத்துக் குடித்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது. மேலே ஏறிய பிறகுதான் பார்த்தேன், மாடுகள் அதே ஓடையில் நின்றுகொண்டிருந்தன. கூட வந்தவர் கொதிக்கவைத்தே குடித்தார், அவருக்கு ஒன்றும் இல்லை.

பத்து நாள் கழித்து ஆரம்பித்தது. அழுகிய முட்டை நாற்றத்தோடு ஏப்பம், வயிறு உப்புசம், எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலம். காய்ச்சல் இல்லை, ரத்தம் போகவில்லை. எடை மட்டும் குறைகிறது.

மருத்துவர் குடல் ஒட்டுண்ணிக்கான மெட்ரோனிடசோல் மாத்திரை கொடுத்தார். முழுசாக முடித்தேன். ஒரு வாரம் நிம்மதி, அப்புறம் பழைய கதை. ஒரே ஒருமுறை மலப் பரிசோதனை செய்ததில் ‘ஒட்டுண்ணி இல்லை’ என்று வந்தது. ஆனால் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி தினமும் மலத்தில் வெளியேறாது, வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி தர வேண்டும் என்கிறார்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணியோ குளோரினுக்கு அசையாது. வழக்கமான பரிசோதனையில் தப்பிவிடும், அதற்குத் தனிச் சாயம் ஏற்றிப் பார்ப்பதோ, ஒட்டுண்ணியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் சோதனையோ வேண்டும். என் சந்தேகம் இதன் மேல்தான். ஜியார்டியா போன பிறகும் கொஞ்ச நாள் பால் ஒத்துக்கொள்ளாது என்பதால் பாலையும் நிறுத்திப் பார்த்தேன். உப்புசம் சற்றுக் குறைந்தது, போக்கு நிற்கவில்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் தொடர்கிறது.

மறுபடி மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். இதே மாதிரி மாத்திரைக்குப் பிறகும் திரும்பி வந்தவர்களுக்கு, கடைசியில் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது எந்தப் பரிசோதனை?